அறை எண் 12-ஐ எண்ணாகமம் 12 என்று காட்டும் மென்பொருள்: ரெஃபரன்ஸ் ஹைலைட் எப்படி வேலை செய்கிறது

வேதாகம மென்பொருளில் ஹைலைட் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒன்றுதான்: பிடித்த வசனத்தை விரலால் அழுத்திப் பிடித்து மஞ்சளோ பச்சையோ பூசுவது. என் பாட்டி சிவப்புப் பென்சிலால் சங்கீதப் பக்கங்களில் கோடு போட்டு வைத்திருந்தாரே, அதேதான், பென்சில் மட்டும் மாறிவிட்டது. அதுவும் வேண்டியதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொன்றை, நாம் பூசாமல் மென்பொருளே பூசுகிற நிறத்தை. இடது பக்கம் வேதாகமத்தில் ஆதியாகமம் 15:6-ல் நிற்கிறீர்கள், வலது பக்கம் ரோமர் நிருபத்துக்கான தடிமனான விளக்கவுரை ஒன்று திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விளக்கவுரையில் எங்கெல்லாம் ஆதி 15:6 குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் அந்தக் குறிப்பு மட்டும் தானாக நிறம் மாறி நிற்கும். வேதாகமத்தில் நீங்கள் 17-ம் அதிகாரத்துக்கு நகர்ந்தால் இவை அணைந்து வேறு இடங்கள் எரியும்.

லோகோஸ் மென்பொருளில் இது விஷுவல் ஃபில்டர் என்ற பகுதிக்குள் ஒரு டிக் பெட்டியாக ஒளிந்திருக்கிறது, அதை நாமாகப் போய் இயக்க வேண்டும். கூடவே வேதாகமமும் விளக்கவுரையும் ஒரே எழுத்திட்ட இணைப்புத் தொகுதியில், அதாவது இரண்டும் ‘ஏ’ அல்லது இரண்டும் ‘பி’ என்று, சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எந்த வசனத்தில் நிற்கிறீர்கள் என்பதே பக்கத்து ஜன்னலுக்குத் தெரியாது. “எனக்கு ஒன்றுமே எரியவில்லை” என்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். இ-ஸ்வோர்ட் போன்ற இலவச மென்பொருள்களில் வேறு மாதிரி: குறிப்பு எப்போதும் லிங்க் நிறத்திலேயே இருக்கும், சுட்டியை அதன் மேல் கொண்டுபோனால் வசனம் சின்னப் பெட்டியில் எட்டிப் பார்க்கும். பெயரும் பட்டனும் எங்கே இருந்தாலும் அடியில் நடக்கிற வேலை ஒன்றேதான், அது புரிந்துவிட்டால் எந்தச் செயலியை எடுத்தாலும் தடுமாற வேண்டியதில்லை.

நாம் பூசுகிற நிறத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுகிறேன். லோகோஸில் அது அந்தப் புத்தகத்தின் அந்தச் சொற்களோடு ஒட்டியது. ஒரு மொழிபெயர்ப்பில் பூசியது இன்னொரு மொழிபெயர்ப்பில் வராது. எல்லா மொழிபெயர்ப்பிலும் தெரிய வேண்டுமென்றால் சொல்லின் மேல் அல்ல, வசன எண்ணின் மேல் ஒரு குறிப்பாகச் சேர்க்க வேண்டும். ‘பூசியதெல்லாம் காணோம்’ என்று பதறுகிறவர்கள் முதலில் எந்த மொழிபெயர்ப்பைத் திறந்திருக்கிறோம் என்று பார்ப்பது நல்லது.

சரி, ஒரு பக்க உரைக்குள் ‘ஆதி 15:6’ என்பது ஒரு வசனம் என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது? இரண்டு வழி. முதல் வழியில் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்புக்கும் உள்ளே ஓர் அடையாளம் கட்டியிருப்பார்கள். ஓசிஸ் என்ற வடிவத்தில் நூலின் சுருக்கப்பெயர், ஒரு புள்ளி, அதிகாரம், மறுபடி புள்ளி, வசனம் என்று இருக்கும். வேதாகமச் சங்கங்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பயன்படுத்துகிற யூ.எஸ்.எஃப்.எம். வடிவத்தில் அதிகாரம், வசனம், ஒத்தவாக்கியக் குறிப்பு என ஒவ்வொன்றுக்கும் பின்சாய்கோட்டோடு தொடங்கும் தனிக் குறியீடு உண்டு. வாசகனின் கண்ணுக்கு என்ன தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரு முகவரி. ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பில் மொத்தம் 31,102 வசனங்கள், ஆக 31,102 முகவரிகள். நீங்கள் நிற்கிற முகவரியும் விளக்கவுரைக்குள் கட்டியிருக்கிற முகவரியும் பொருந்தினால் விளக்கு எரியும், அவ்வளவுதான் மந்திரம். இரண்டாவது வழியில் அடையாளம் எதுவும் கட்டியிருக்காது, மென்பொருளே உரையை மேய்ந்து ‘நூலின் பெயர், இடைவெளி, எண், முக்காற்புள்ளி, எண்’ என்ற வடிவத்தில் எது வந்தாலும் வசனம் என்று ஊகித்துக்கொள்ளும். நாம் சொந்தமாகத் தட்டிச் சேர்க்கிற பிரசங்கக் குறிப்புகள், வேர்ட் கோப்பிலிருந்து உள்ளே இழுக்கிற பழைய நூல்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த ஊகத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இந்த ஊகம் தமிழில் என்ன பாடுபடுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

எண்ணாகமத்துக்கு நாம் போடுகிற சுருக்கம் ‘எண்’. நூல்களுக்குத் தமிழ்ச் சுருக்கங்களின் பட்டியலைக் கொடுத்து என் குறிப்புகளை ஒருமுறை மேயவிட்டேன். முகாம் ஏற்பாட்டுக் குறிப்பில் ‘அறை எண் 12’ என்று எழுதியிருந்தேன். அது எண்ணாகமம் 12 ஆகி, மிரியாம் குஷ்டரோகியான அதிகாரத்துக்கு லிங்க் போட்டுவிட்டது. அடுத்த வரியில் ‘பாடல் பயிற்சிக்கு கலா 5 மணிக்கு வருவார்’. கலாத்தியர் 5, ஆவியின் கனி. ‘நீதி’ என்றால் நீதிமொழிகளா, நியாயமா? ‘ஆதி’ என்றால் ஆதியாகமமா, தொடக்கமா? ஆங்கிலத்திலும் இந்தத் தொல்லை இல்லாமலில்லை, ஆனால் அங்கே சுருக்கத்துக்குப் பெரிய எழுத்து கைகொடுக்கிறது, நமக்கு அந்த வசதி கிடையாது. அப்புறம் நாம் பெயர்களை வெட்டுகிற விதம். யோவா என்றால் யோவான், யோவே என்றால் யோவேல், எபே எபேசியர், எபி எபிரெயர். ஒரு கொம்போ ஒரு சுழியோ தவறினால் நிருபமே மாறிவிடும். ‘1 யோவான் 4:8’ என்பதில் முன்னால் நிற்கிற 1-ஐ முந்தைய வாக்கியத்தின் எண் என்று நினைத்து விட்டுவிட்டால் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற வசனத்துக்குப் பதிலாக, சீஷர்கள் சாப்பாடு வாங்க ஊருக்குள் போன சமாரியா கிணற்றடிக்குப் போய்ச் சேருவீர்கள்.

வேற்றுமை உருபு இன்னொரு பஞ்சாயத்து. ஆங்கிலத்தில் நூலின் பெயரும் எண்ணும் அப்படியே நிற்கும், இலக்கணம் அவற்றைத் தொடாது. நாம் ‘ரோமர் 4:3-ல்’ என்போம், ‘ரோமர் 4:3இல்’ என்போம், ‘ரோமரின் நான்காம் அதிகாரத்தில்’ என்போம், ‘23-ம் சங்கீதம்’ என்று எண்ணைத் தூக்கி முன்னால் வைப்போம். பெயர் முன்னே, எண் பின்னே என்று மட்டும் தெரிந்த மென்பொருளுக்கு, தமிழ்நாட்டில் சபைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த 23-ம் சங்கீதமே கண்ணில் படாது. அதற்கும் கீழே எழுத்துக்குறியீட்டுச் சிக்கல் இருக்கிறது: ‘யோ’வில் வருகிற ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் பார்க்காத மென்பொருளுக்கு இரண்டும் வேறு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், உள்ளே இருப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து வரிசைதான். ஒருங்குறிக்கு மாற்றாமல் அவற்றை உள்ளே இழுப்பது வீண்வேலை.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை, ஏனென்றால் தமிழில் நூல்களின் பெயர்களே இரண்டு வரிசை. ஆதியாகமம் என்பார் ஒருவர், தொடக்கநூல் என்பார் இன்னொருவர். யாத்திராகமம், விடுதலைப் பயணம். சங்கீதம், திருப்பாடல். அப்போஸ்தலர் நடபடிகள், திருத்தூதர் பணிகள். 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு என்று பெயர் பெற்றாலும், புராட்டஸ்டண்ட் சபைகளில் பழைய மொழிபெயர்ப்பே புழங்குகிறது, பெயர்களும் அவரவர் வழியில். ‘திபா 51:10’ (திபா என்பது திருப்பாடலின் சுருக்கம்) என்று கத்தோலிக்க நண்பர் அனுப்பிய தியானத்தை சங்கீதம் மட்டுமே தெரிந்த செயலிக்குள் ஒட்டினால் அது வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். ஐரோப்பிய வழக்கத்தில் ‘யோவான் 3,16’ என்று காற்புள்ளி போட்டு எழுதியிருந்தால் கதையே வேறு: மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனம் என்று அவர் எழுதினார், மூன்றாம் அதிகாரமும் பதினாறாம் அதிகாரமும் என்று இது படிக்கும். யூதா, பிலேமோன், ஒபதியா, 2 யோவான், 3 யோவான் ஆகிய ஐந்தும் ஒரே அதிகாரம் கொண்டவை. ‘யூதா 9’ என்றால் ஒன்பதாம் வசனம். இதைச் சொல்லிக்கொடுக்காத செயலி, இல்லாத ஒன்பதாம் அதிகாரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

எண்களும் உலகம் முழுக்க ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதிகாரப் பிரிவு 13-ம் நூற்றாண்டில் கேன்டர்பரி பேராயராக இருந்த ஸ்டீபன் லாங்டன் காலத்தது, புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551-ல் ரோபேர் எத்தியேன் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. எபிரெய வேதாகமத்தின் கணக்கு தனி. அங்கே பல சங்கீதங்களின் தலைப்பும் வசனமாக எண்ணப்படும். அதனால் நாம் 51-ம் சங்கீதத்தின் 10-ம் வசனம் என்கிற ‘சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்’ எபிரெயத்தில் 12-ம் வசனம், ஏனென்றால் அந்தத் தலைப்பு இரண்டு வசனத்தை எடுத்துக்கொள்கிறது. மல்கியாவில் நமக்கு நான்கு அதிகாரம், எபிரெய வேதாகமத்தில் மூன்றே. எலியா தீர்க்கதரிசியை அனுப்புகிறேன் என்ற வாக்குத்தத்தம் நமக்கு 4:5, அங்கே 3:23. எபிரெய எண்ணில் எழுதப்பட்ட ஒரு விளக்கவுரையைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்கள் மல்கியா 4:5-ல் நின்றால் என்ன நடக்கும்? நல்ல மென்பொருள் இரண்டு கணக்கையும் பொருத்தும் அட்டவணை வைத்திருக்கும், சரியான இடம் எரியும். அட்டவணை இல்லாதது சும்மா இருக்கும், அல்லது 18 வசனமே உள்ள நம் மூன்றாம் அதிகாரத்தில் 23-ஐத் தேடி ஒன்றுமில்லை என்று சொல்லும். ஒருமுறை ஒரு செயலியில் மல்கியா 4:5-க்கு ஒரு பெரிய நூலில் ஒரு குறிப்புகூட இல்லை என்று வந்தது. அந்த ஆசிரியர் எலியாவைப் பற்றிப் பேசவே இல்லை என்று நம்பி, வகுப்பில் அதைச் சொல்லியும்விட்டேன். அந்த நூலில் அதற்கென்று ஆறு பக்கம் இருந்தது, எல்லாம் 3:23 என்ற பெயரில்.

இன்னொரு சங்கடம் வீச்சு. நீங்கள் ரோமர் 8:28-ல் நிற்கிறீர்கள். விளக்கவுரையில் ‘ரோமர் 8:18-30’ என்று இருக்கிறது. எரிய வேண்டுமா? வேண்டும் என்றுதான் தோன்றும். ‘ரோமர் 5-8’ என்றிருந்தால்? அதற்குள்ளும் 8:28 அடக்கம்தான், ஆனால் அதை எரியவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சளாகிவிடும், எல்லாம் எரிந்தால் எதுவும் எரியாததற்குச் சமம். அதனால் ஹைலைட்டை மேலோட்டமாகப் பார்வை ஓட்ட மட்டும் வைத்துக்கொண்டு, துல்லியம் வேண்டும்போது தேடல் பெட்டியில் ‘சரியாக இந்த வசனம் மட்டும்’ என்ற வகைத் தேடலைப் போடுவது என் பழக்கம். விளக்கவுரை ஆசிரியர்கள் ‘மேலே 12-ம் வசனத்தில் பார்த்தோம்’ என்று அதிகாரம் சொல்லாமல் எழுதுவதும் உண்டு. மனிதர் கையால் அடையாளம் கட்டிய பதிப்பில் அதுவும் எரியும், ஊகத்தை நம்பியிருக்கும் பதிப்பில் எரியாது. காசு கொடுத்து வாங்கிய நூலுக்கும் எங்கிருந்தோ இறக்கிய நூலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அட்டைப்படத்தில் இல்லை, இங்கேதான்.

இப்போது ஆதியாகமம் 15:6-க்கே திரும்புவோம். ‘அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்.’ இதில் நின்றுகொண்டு பவுலின் நிருபங்களுக்கும் யாக்கோபுக்கும் விளக்கவுரைகளைத் திறந்தால் மூன்று இடத்தில் மஞ்சள் கொத்துக்கொத்தாக நிற்கும்: ரோமர் 4, கலாத்தியர் 3:6, யாக்கோபு 2:23. ரோமர் விளக்கவுரையில் மஞ்சளுக்குப் பக்கத்தில் அடிக்கடி ஆதி 17 வரும், ஏனென்றால் பவுலின் வாதமே ஆபிரகாம் விருத்தசேதனம் பண்ணிக்கொள்வதற்கு முன்பே நீதிமானாக எண்ணப்பட்டான் என்பதுதான். யாக்கோபு விளக்கவுரையில் அதே மஞ்சளுக்குப் பக்கத்தில் ஆதி 22, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய அதிகாரம். ஒருவர் கிரியைகள் இல்லாமலே என்று காட்ட இந்த வசனத்தை எடுக்கிறார், இன்னொருவர் கிரியையினால் விசுவாசம் நிறைவுபெற்றது என்று காட்ட இதையே எடுக்கிறார், நூற்றாண்டுகளாகச் சண்டை நடந்த இடம் இது. மஞ்சள் இரண்டு பக்கமும் ஒரே மஞ்சள். யாரோ இந்த வசனத்தைச் சொன்னார் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், ஆதரித்துச் சொன்னாரா, மறுத்துச் சொன்னாரா, போகிறபோக்கில் அடைப்புக்குறிக்குள் சொன்னாரா என்பது தெரியாது. எரிகிற குறிப்பைவிட அதற்குப் பக்கத்தில் எந்தக் குறிப்பு நிற்கிறது என்று பார்ப்பது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

எரியாத இடங்களையும் சொல்ல வேண்டும். சங்கீதம் 106:31-ல் பினெகாஸ் செய்த காரியம் ‘நீதியாக எண்ணப்பட்டது’ என்று வருகிறது. எபிரெய மூலத்தில் ஆதி 15:6-ல் இருக்கிற அதே வினைச்சொல், அதே பெயர்ச்சொல். ஆனால் முகவரி வேறு, அதனால் ஆதி 15:6-க்காக ஏற்றிய விளக்கு அங்கே எரியாது, அதற்குச் சொல் தேடல்தான் போட வேண்டும். 1 மக்கபேயர் 2:52-ல் ஆபிரகாம் சோதனையில் உண்மையாயிருந்ததால் நீதிமானாக மதிக்கப்பட்டதாக வருகிறது, யாக்கோபு எந்தச் சிந்தனைச் சூழலில் எழுதினார் என்பதைப் பார்க்க மிகவும் உதவுகிற இடம். 66 நூல் மட்டும் உள்ள புராட்டஸ்டண்ட் வேதாகமச் செயலியில் அந்த முகவரியே இல்லை, 73 நூல் உள்ள கத்தோலிக்க வேதாகமத்தில் உண்டு. எந்தச் சபையின் வேதாகமத்தை வைத்து மென்பொருள் கட்டப்பட்டது என்பது எது எரியும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

இந்த வேலையை அச்சும் கணினியும் இல்லாத காலத்திலேயே ஒருவர் செய்திருக்கிறார். 4-ம் நூற்றாண்டில் செசரியாவின் யூசேபியஸ் நான்கு சுவிசேஷங்களையும் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து எண் போட்டார், மத்தேயுவில் மட்டும் 355 பகுதி. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே சிவப்பு மையில் இன்னொரு எண். அது பத்து அட்டவணைகளில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும். ஒன்று என்றால் நான்கு சுவிசேஷத்திலும் உண்டு (ஐயாயிரம் பேருக்கு உணவளித்தது அப்படி), பத்து என்றால் இந்தச் சுவிசேஷத்தில் மட்டும். அதாவது அந்தச் சிவப்பு எந்த வகையான தொடர்பு என்பதையும் சேர்த்தே சொன்னது. நம் மஞ்சள் அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

கடைசியாக, இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு: மூலமொழிச் சொல் ஹைலைட். ஒரு மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தொட்டால் மூலத்திலும் இன்னொரு மொழிபெயர்ப்பிலும் அதற்கு ஈடான சொல் சேர்ந்து எரியும். இதற்கு முகவரி வசனத்துக்கு அல்ல, ஒவ்வொரு சொல்லுக்கும் வேண்டும். 1890-ல் வந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய அகராதி எபிரெயச் சொற்களுக்கு 8674 வரையும் கிரேக்கத்துக்கு 5624 வரையும் கொடுத்த எண்களே இன்றும் பல செயலிகளின் அஸ்திவாரம். யோவான் 21-ல் இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார் அல்லவா? கிரேக்கத்தில் முதல் இரண்டு முறை ஒரு வினை (ஸ்ட்ராங் எண் 25), மூன்றாம் முறை வேறொன்று (5368). ஆங்கிலத்தின் பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் மூன்றும் ஒரே சொல், அதனால் இந்த ஹைலைட்டைப் போட்டுத்தான் வித்தியாசம் தெரியும். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஹைலைட்டே வேண்டாம்: ‘அன்பாயிருக்கிறாயா’, ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறாயா’. அந்த இரண்டு கிரேக்கச் சொல்லுக்கும் நடுவே பெரிய அர்த்த வித்தியாசம் இருக்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அது தனிக் கதை, ஆனால் வித்தியாசத்தைக் கண்ணில் காட்டியது நம் மொழிபெயர்ப்பு. அதே சமயம் ‘அன்பாயிருக்கிறாயா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அன்பு, இருத்தல், நீ, கேள்வி நான்கும் இருக்கின்றன. ‘அன்பு’ என்று முழுச்சொல் தேடல் போட்டால் இது அகப்படாது, ‘அன்ப’ என்று வெட்டிப் போட வேண்டும். யோவான் 3:16-ல் ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வருகிற வினை நமக்குக் கடைசிச் சொல்லாக, ‘அன்புகூர்ந்தார்’ என்று வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தொட்டால் ஒரு முனையும் மறுமுனையும் சேர்ந்து எரிவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

என் குறிப்புகளை நான் இப்போது எழுதுகிற விதம் இதனாலேயே மாறிவிட்டது. உருபைச் சேர்த்து ஒட்டாமல் எண்ணுக்குப் பின் கோடு போட்டு எழுதுகிறேன், ‘23-ம் சங்கீதம்’ என்று பேச்சில் சொன்னாலும் எழுத்தில் ‘சங்கீதம் 23’, எபிரெய எண்ணில் இருக்கும் நூலிலிருந்து எடுத்தால் நம் எண்ணையும் பக்கத்திலேயே. ‘எண்’ என்ற சுருக்கத்தை பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டேன். எண்ணாகமம் என்று முழுசாகத் தட்டுகிறேன், அறை எண் 12 நிம்மதியாக இருக்கிறது. கலாவுக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.